குறை சொல்லாத மாமா

கடலூர்தான் மாவட்டத் தலைநகர். கலெக்டர் ஆபீஸ் எங்களிடம் இருக்கிறது. கோர்ட் இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, கடலும் இருக்கிறது. ஆனாலும் வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊரைத் தூங்கிக்கொண்டே கடந்துபோய், சிதம்பரத்தில் கண் விழித்து இறங்குகிறார்கள். ஆட்டம், பாட்டு, சாப்பாடு எல்லாம் அங்கேதான் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னது பொய்யாக இருந்தால் கோபப்படலாம். உண்மையாக இருப்பதால் எரிச்சலோடு நிறுத்திக்கொள்கிறோம்.

எரிச்சல் இருந்தாலும் நாங்களும் அங்கேதான் போவோம். நாங்கள் என்றால் நான், என் அக்கா, அக்காவின் வீட்டுக்காரர். நான் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சின்ன மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். அக்கா வீடு மஞ்சக்குப்பத்தில். அவள் வீட்டுக்காரரை நான் மாமா என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். நிலம் அளக்கிற சர்வேயராக இருந்து ரிட்டயர் ஆனவர். மாசி மாதம் சிவராத்திரியை ஒட்டிச் சிதம்பரத்தில் நாட்டியம் நடக்கும். அந்த நாட்களில் ஒரு நாள் பஸ் ஏறிப் போய், கோயிலில் நாயனம் கேட்டு, மத்தியானம் சம்பா சாதமும் கொத்சும் சாப்பிட்டு, சாயங்காலம் நாட்டியம் பார்த்துத் திரும்புவது எங்கள் வழக்கம். எனக்கு நாட்டியத்தில் ஒன்றும் தெரியாது. நான் கொத்சுக்காகப் போகிறவன்.

மாமாவுக்கு உலகத்தில் இரண்டு விஷயம் பிடிக்கும். ஒன்று சாப்பாடு, இன்னொன்று நாயனம். இரண்டையும் அவர் ரசிக்கிற விதம் ஒன்றுதான். குறை சொல்வார். சங்கிலி பிடித்து நிலம் அளந்தவர் என்பதால் அவர் சொல்லும் குறையிலும் ஓர் அளவு இருக்கும். சாம்பார் நன்றாக இல்லை என்று பொத்தாம்பொதுவாக ஒருநாளும் சொன்னதில்லை. “பருப்பைக் கடையாம புளித்தண்ணி ஊத்திட்டு, அப்பறமா ஞாபகம் வந்து கடைஞ்சிருக்கான்” என்பார். சமையல்காரரைக் கூப்பிட்டு விசாரித்தால் அப்படித்தான் நடந்திருக்கும். கல்யாண வீட்டில் அவர் பந்தியில் உட்கார்ந்தால் பரிமாறுகிறவர்கள் மெல்ல அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிடுவார்கள். பெண்ணைப் பெற்றவர் என்னிடம் வந்து, “உங்க மாமா சாப்ட்டாரா? என்னா சொன்னாரு?” என்று காதோடு கேட்பார். மாப்பிள்ளை வீட்டார் என்ன சொன்னார்கள் என்பது அவருக்கு அடுத்த கவலை.

அதே சமயம் இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கமாட்டார். குறை சொல்லிக்கொண்டே இரண்டாம் தடவை வாங்கிப் போட்டுக்கொள்வார். சரியாகக் குறை சொல்வதற்காகத்தான் இரண்டாம் தடவை வாங்குகிறாரோ என்று அக்காவுக்குச் சந்தேகம். கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து அவளுக்கு இதே பாடு. மீன் குழம்பில் வெந்தயம் ஒரு சிட்டிகை கூடினாலும் சொல்வார், ஒரு கொதி குறைந்தாலும் சொல்வார். ஒருமுறை அவள் கரண்டியைத் தூக்கி வாசலில் எறிந்துவிட்டு, “நாளையிலேருந்து நீங்களே ஆக்கிக்குங்க” என்றாள். மாமா எழுந்துபோய்க் கரண்டியை எடுத்துக் கழுவி அவள் கையில் கொடுத்துவிட்டு, “காம்பு லேசா வளைஞ்சிருக்கு” என்றார். நான் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

போன வருஷம் மாமாவின் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கரண்ட் வைத்தார்கள். ரேடியேஷனை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கட்டி கரைந்துவிட்டது, டாக்டர்களுக்கே திருப்தி. கட்டியோடு நாக்கின் ருசியும் போய்விட்டது. “திரும்பி வரும். சிலருக்குச் சீக்கிரம் வரும், சிலருக்கு லேட்டாகும், சிலருக்கு முழுசா வராமலும் போகலாம்” என்றார் டாக்டர். எது நடந்தாலும் பொருந்துகிற மாதிரி ஒரு பதிலைச் சொல்வதற்கு அவ்வளவு படிக்க வேண்டுமா என்று நினைத்தேன். கேட்கவில்லை. கட்டியைக் கரைத்தவர் அவர்தான்.

வீட்டுக்கு வந்து கஞ்சி, கூழ் எல்லாம் தாண்டி, முதன்முதலாகச் சோறு சாப்பிட்ட அன்று அக்கா மிளகு ரசம் வைத்திருந்தாள். குழையப் பிசைந்து கொடுத்தாள். மாமா ஒரு வாய் போட்டு, மென்று, மெல்ல விழுங்கினார். எச்சில் சரியாக ஊறாததால் எதையும் வெகுநேரம் மென்றுதான் விழுங்குவார். விழுங்கிவிட்டு, “நல்லா இருக்கு” என்றார்.

அக்கா தோட்டத்துப் பக்கம் போய் அழுதாள். எங்கள் குடும்பத்தில் சமையலைப் பாராட்டியதற்காக ஒருவர் அழுதது அதுதான் முதல் தடவை.

அதற்கப்புறம் எல்லாமே நல்லா இருந்தது. உப்புமா நல்லா இருந்தது. அடிப்பிடித்த பொங்கல் நல்லா இருந்தது. அக்கா வேண்டுமென்றே பாகற்காயை வெல்லமும் புளியும் இல்லாமல் வதக்கி வைத்தாள், அதுவும் நல்லா இருந்தது. பூசணிக்காய் சாம்பாரில் பூசணிக்காயே போடாமல் வைத்துப் பார்த்தாள். மாமா இலையைப் பார்த்து, அவள் முகத்தைப் பார்த்து, “நல்லா இருக்கு” என்றார். ஊரில் எத்தனையோ பெண்கள் இந்த ஒரு வார்த்தைக்காகக் கோயில் கோயிலாக ஏறி இறங்குகிறார்கள் என்று நான் சமாதானம் சொன்னேன். அக்கா என்னை அடிக்க வந்தாள்.

நானும் என் பங்குக்கு ஒரு முயற்சி செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவைத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். அங்கே மீன் வறுத்து விற்கிற ஓர் அம்மா இருக்கிறார். மாமாவை அவருக்கு நன்றாகத் தெரியும். “மீனு நேத்தியது, மசாலா இன்னிக்கு அரைச்சது. ரெண்டும் ஒத்துப்போவல” என்று அவரிடமே சொல்லி, அவர் வாயாலேயே திட்டும் வாங்கியவர் மாமா. அன்றைக்கு எங்களைப் பார்த்ததும் அந்த அம்மா மேலே அடுக்கியிருந்ததை ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து நல்ல சங்கராவாக எடுத்துப் போட்டார். அவருக்குப் பயம் இருக்கத்தான் செய்தது. காற்று வேறு அடித்துக்கொண்டிருந்தது, தட்டில் மணல் விழுந்தது. மாமா மணலும் மீனுமாகச் சாப்பிட்டுவிட்டு, “நல்லா இருக்கும்மா” என்றார். அந்த அம்மா கரண்டியைக் கல்லில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, “ஏன் சார், இவருக்கு ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்டார்.

எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். கட்டி என்று ஸ்கேனில் காட்டியபோதுகூட அப்படிப் பயப்படவில்லை. உட்கார்ந்திருப்பது மாமாதான், வேட்டியும் துண்டும் அவருடையதுதான். ஆனால் உள்ளே இருந்த அந்த மனுஷன் எங்கே போனார் என்று தெரியவில்லை.

இத்தனைக்கும் காது கெடவில்லை. டிவியில் யாராவது பாடினால் பழையபடிதான். ஸ்ருதி எங்கே விலகியது என்பதைப் பாடினவருக்கே கேட்கிற மாதிரி சொல்வார். அதைக் கேட்கும்போது அக்காவுக்கு உயிர் வரும். அடுத்த வேளை சோறு போடும்போது போய்விடும்.

மாசி பிறந்தது. “சிதம்பரம் போவோம்டா” என்றாள் அக்கா. “கொத்சு வாயில வெச்சாருன்னா சொல்லாம இருக்க மாட்டாரு.” மாமா வேலையில் சேர்ந்த புதிதில் சிதம்பரத்தில்தான் போஸ்டிங். அந்த ஊர்க் கொத்சோடு அவருக்கு அப்போதிருந்தே வழக்கு. கத்தரிக்காயைச் சுட்டு மசித்து, புளி விட்டு, வறுத்துப் பொடித்த மல்லியும் மிளகாயும் போட்டுக் கொதிக்கவைக்கிற சாதாரண விஷயம்தான். அதில் மாமா கண்டுபிடித்த பிழைகளை யாராவது எழுதி வைத்திருந்தால் ஒரு சமையல் கல்லூரியே நடத்தலாம். அந்த ஊரில் சரியான கொத்சை அவர் இதுவரை சாப்பிட்டதில்லை. ஒவ்வொரு வருஷமும் அதற்காகவே போவார்.

காலை பஸ்ஸில் கூட்டம் இல்லை. மாமா ஜன்னலோர சீட்டில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். நானும் அக்காவும் அவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தோம். ஆலப்பாக்கம் தாண்டியதும் அக்கா பேச ஆரம்பித்தாள்.

“எனக்கு பெருசா ஒண்ணும் வேணாம்டா. வாயத் தொறந்து ஒரே ஒரு குத்தம் சொல்லட்டும். அது போதும்.”

“சொல்லுவாருக்கா.”

“நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு அவரு சொல்றப்பல்லாம் வேத்து ஆளு யாருக்கோ சோறு போடற மாதிரி இருக்குது. வந்த விருந்தாளிதான் அப்டி சொல்லுவான். எத்தினி நாளைக்குடா விருந்தாளிக்கே ஆக்கிப் போடறது?”

நான் வெளியே பார்த்தேன். புதுச்சத்திரம் வந்தது. மாமாவின் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்தபடி இருந்தது.

சிதம்பரம் அன்றைக்கு அதன் வழக்கப்படி இருந்தது. அதாவது கால் வைக்க இடமில்லை. ஷேர் ஆட்டோவில் முழு அலங்காரத்தோடு நான்கைந்து சிறுமிகள், ராக்கொடியும் ஜடைநாகமுமாக, மடியில் சலங்கையை வைத்துக்கொண்டு போனார்கள். டீக்கடை பெஞ்சில் ஒரு தாய், வாய் நிறைய ஹேர்பின்னைக் கவ்விக்கொண்டு மகளின் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தார். மகள் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாள். கீழ வீதியில் ஒரு கடையிலிருந்து பக்திப்பாட்டு, எதிர்க்கடையிலிருந்து சினிமாப்பாட்டு, நடுவில் வளையல் தள்ளுவண்டிக்காரர் கையில் மைக். வெளிநாட்டுக்காரர் ஒருவர் இந்த மூன்றையும் ஒன்றாகப் போனில் பதிவு செய்துகொண்டிருந்தார். கடலூரில் இப்படிச் சத்தம் போட்டால் போலீஸுக்குப் போன் போகும். இங்கே அதைக் கலாசாரம் என்கிறார்கள். எனக்கும் பிடிக்கத்தான் செய்தது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

கோயிலில் உச்சிக்காலத்துக்கு நாயனம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மாமா ஒரு தூணில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டார். நானும் அக்காவும் நாயனத்தைக் கேட்கவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவர் கண்ணைத் திறந்தார்.

“தோடியில காந்தாரம் அசையணும் மச்சான். இவரு அத ஆணி அடிச்சி நிக்க வெக்கறாரு. வாயில வெச்சி ஊதற சீவாளி புதுசு, இன்னும் பதம் வரல. அதுக்குப் பயந்துக்கினு ஊதறாரு. நாளான்னிக்கு வந்து கேட்டா நல்லா இருக்கும்.”

எனக்குக் காந்தாரமும் தெரியாது, அது அசைய வேண்டுமா என்பதும் தெரியாது. ஆனால் கேட்க அவ்வளவு சுகமாக இருந்தது. அக்கா அந்த நாயனக்காரரை வாழ்த்துகிற மாதிரி பார்த்தாள். பாவம், அவர் தன்னை யாரோ ரசிப்பதாக நினைத்து இன்னும் கொஞ்சம் ஊதினார்.

நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மெஸ் கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. போர்டு கிடையாது. முதலாளியே சமையல்காரர், நெற்றி நிறையத் திருநீறு பூசியிருப்பார். சம்பா சாதமும் கொத்சும் கோயிலில் சுவாமிக்குப் படைக்கிற சாப்பாடு. அந்த மரியாதையை இந்த மனுஷன் தன் மெஸ்ஸிலும் விடமாட்டார். விழா நாட்களில் முதல் அடுப்புச் சமையலைச் சுவாமி படத்துக்கு முன்னால் வைத்துத் தீபம் காட்டிய பிறகுதான் பந்தி. படைக்கிறவரை யாரும் உப்புப் பார்க்கக் கூடாது. வாயில் வைத்துவிட்டால் எச்சிலாகிவிடும். எல்லாம் கைப்பழக்கம்தான். நாங்கள் போனபோது மணியாட்டிக்கொண்டிருந்தார். கற்பூரம் அணைந்தது, இலை போட்டார்கள். முதல் பந்தியில் முதல் இலை மாமாவுடையது.

மிளகும் சீரகமும் நெய்யுமாகச் சம்பா சாதம் வந்தது. பக்கத்தில் ஒரு கரண்டி கொத்சு விழுந்தது. மாமா கொத்சைத் தொட்டுச் சாதத்தை உருட்டி வாயில் போட்டார். மென்றார். அக்கா இலையில் கை வைத்தபடி அப்படியே இருந்தாள். கடையில் மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டும் பேசிக்கொண்டும்தான் இருந்தார்கள். எனக்கு அவர் மெல்லுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

“உப்பு ஜாஸ்தி” என்றார் மாமா.

அக்காவின் முகம் மலர்ந்ததை எப்படிச் சொல்வது? பெண் பார்க்க வந்தவர்கள் சம்மதம் சொல்லிவிட்டுப் போன அன்றுகூட அவள் முகம் அப்படி இல்லை, நான் பக்கத்தில் இருந்தேன். “ஜாஸ்தியா? எவ்ளோ ஜாஸ்தி?” என்றாள்.

“ஜாஸ்திதான்” என்றார் அவர். அடுத்த உருண்டையை எடுத்தார்.

“மொளகு காரம்” என்று சொல்லிக்கொண்டு அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்தில் கொத்சைக் கொஞ்சம் தாராளமாகவே அள்ளி வாயில் போட்டேன். அதில் உப்பே இல்லை.

சரியாகக் கலக்கவில்லையோ என்று ஓரத்திலிருந்து ஒரு விரல் எடுத்து நக்கிப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. புளிப்பு இருந்தது, காரம் இருந்தது, சுட்ட கத்தரிக்காய் வாசனை இருந்தது, உப்பு மட்டும் ஒரு கல்கூட இல்லை. படைக்கிற அவசரத்தில் மனுஷன் மறந்துவிட்டிருக்கிறார். ருசி பார்க்கக் கூடாது என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

என் கடையில் கண் பரிசோதனைக்கு உட்காருகிறவர்கள் சில சமயம் பொய் சொல்வார்கள். கடைசி வரி தெரியாது. ஆனால் கூட மகளோ மனைவியோ நின்றுகொண்டிருப்பார்கள். அவர்கள் கவலைப்படக் கூடாது என்று ஏதாவது ஓர் எழுத்தைத் தைரியமாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு உடனே தெரிந்துவிடும். தெரிகிறவர்கள் தயங்கித் தயங்கிச் சொல்வார்கள், தெரியாதவர்கள் பட்டென்று சொல்வார்கள். இத்தனை வருஷம் அந்தத் தொழில் செய்துவிட்டு, மாமா பட்டென்று சொன்னபோது எனக்கு உறைக்கவில்லை. பஸ்ஸில் அவர் தூங்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

பக்கத்து மேசையில் ஒருவர் நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு, “தம்பி, இங்க வாப்பா, இதுல உப்பு...” என்று ஆரம்பித்தார். நான் கை கழுவப் போகிறவன் போல எழுந்து நேராக அடுப்படிக்குப் போனேன்.

“கொத்சுல உப்பு போடல” என்றேன் முதலாளியிடம்.

அவர் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். திருநீற்று நெற்றியில் அறைந்துகொண்டார். “படைச்சிட்டேனே சார். சாமிக்கே உப்பில்லாம வெச்சிட்டேனே.”

“சாமி ஒண்ணும் சொல்லலையே.”

“அது எப்பவும் சொல்லாது சார்.” உப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினார். நான் மறித்தேன்.

“எல்லாருக்கும் போடுங்க. எங்க இலைக்கு மட்டும் வராதீங்க. எங்க மாமா உப்பு ஜாஸ்தின்னு சொல்லிட்டாரு.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பகலிலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கலாம். “தொண்டையில கரண்ட் வெச்சவரு” என்றேன். “ருசி வரல. எங்க அக்காவுக்காக ஜாஸ்தின்னு சொல்றாரு.”

முதலாளி கிண்ணத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். “எங்க அப்பாவுக்கும் வெச்சாங்க” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

நான் வந்து உட்கார்ந்தேன். அவர் பின்னாலேயே வந்து, ஒவ்வொரு மேசையாகக் குனிந்து, காதோடு மன்னிப்புக் கேட்டு, இலை ஓரத்தில் உப்பு வைத்துக்கொண்டு வந்தார். கோயில் பிரசாதம் தருகிற பவ்வியம். எங்கள் மேசைக்கு வரும்போது கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“சார், கொத்சு எப்டி இருக்குது?”

“உப்பு ஜாஸ்தி” என்றார் மாமா.

“மன்னிச்சுக்குங்க சார். கை தவறிடுச்சி. அடுத்த வாட்டி கொறச்சிடறேன்.”

மாமா பழைய தோரணையில் தலையை ஆட்டினார். பக்கத்து மேசைக்காரர் இலையில் உப்பைக் கொட்டிப் பிசைந்துகொண்டிருந்தவர், கையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார். அவருக்கு இன்றைக்கும் புரிந்திருக்காது. மாமா இன்னொரு கரண்டி கொத்சு கேட்டு வாங்கிக்கொண்டார். நல்ல காலத்தில் செய்வதைப் போலவே. அதைப் பார்க்கத்தான் எனக்கு முடியவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்கா தன் இலையில் இருந்ததைச் சுத்தமாகச் சாப்பிட்டாள். சந்தோஷத்தில் இவளுக்கும் நாக்கு வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்று நினைத்து ஆறுதல் அடைந்தேன்.

சாயங்காலம் நாட்டியம் ஆரம்பித்தது. மேடைக்கு எதிரே தரையில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். மாமா தவழாத குறையாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தாளம் போடுகிறவர் பக்கமாக முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். நானும் அக்காவும் பின்னால் ஒதுங்கி உட்கார்ந்தோம். மேடையில் ஒரு பெண் யாரையோ தேடுகிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தாள். முன்னால் ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்திருந்ததால் எனக்கு அந்தப் பெண் சின்னதாக அந்தத் திரையில் மட்டும் தெரிந்தாள்.

“கொத்சுல உப்பே இல்லல்ல?” என்றாள் அக்கா. மேடையைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. “இல்லக்கா.”

“பஸ்ஸில பேசினத கேட்டுட்டாரு.”

“உனக்கு எப்பத் தெரிஞ்சிது? சாப்டறப்பவா?”

“அதுக்கு முன்னாடியே. எவ்ளோ ஜாஸ்தின்னு கேட்டேன், ஜாஸ்திதான்றாரு. அவரு எப்படா அப்டி சொல்லியிருக்காரு? உப்பு ஜாஸ்தின்னா கல்லுப்பா தூளுப்பா, கொதிக்கறதுக்கு முன்னயா பின்னயான்னு சொல்ல மாட்டாரா? நான் வாயில வெச்சதும் உறுதியாய்டுச்சி. அப்பறம் நீ வேற கை கழுவப் போறேன்னு கொழாயத் தாண்டிப் போற.”

மேடையில் அந்தப் பெண் தேடினவர் கிடைத்துவிட்டார் போலிருக்கிறது. கூட்டம் கைதட்டியது.

“கல்யாணமான புதுசுல எத்தினி வாட்டி கெஞ்சியிருக்கேன் தெரியுமா? உங்க அம்மா முன்னாடியாவது பொய்யா ஒரு தபா நல்லா இருக்குன்னு சொல்லுங்கன்னு. வாயில வரவே வராது. பொய் சொல்லத் தெரியாதுன்னுவாரு. இன்னிக்கு எனக்காகப் பொய்யா குத்தம் சொல்றாரு.”

சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் அண்ணன் தம்பி அக்கா தங்கை கையெல்லாம் பிடித்துக்கொள்கிற பழக்கம் கிடையாது. சின்ன வயதில் ரோடு கடக்கும்போது பிடித்ததோடு சரி. அவளும் கையை எடுக்கவில்லை.

நிகழ்ச்சி முடிந்து மாமா எழுந்து வந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. “தாளக்காரரு மூணாவது காலத்துல ஓடிட்டாரு. பொண்ணு சமத்து, காலாலயே அவரப் புடிச்சி இழுத்துக்கினு வந்துட்டா. வலது காலு சலங்கையில ரெண்டு மணி ஊமை” என்றார். அக்கா விடவில்லை. பஸ் ஸ்டாண்டு போகிறவரை, “அப்பறம்?” “வேற?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவளுக்கும் நாட்டியத்தில் ஒன்றும் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வழக்கம்போல அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். மீன் குழம்பு. முதல் வாய் போட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தனை உப்பு. கடலிலிருந்து மீனோடு சேர்த்துத் தண்ணீரையும் மொண்டு வந்து காய்ச்சியது மாதிரி இருந்தது. எதிரே மாமா நிதானமாக மென்றுகொண்டிருந்தார்.

“உப்பு ஜாஸ்தி” என்றார்.

இதைச் சொல்லும்போது அவர் அக்காவைப் பார்த்தார், நாக்கைக் கேட்டுவிட்டுச் சொல்லவில்லை. அது எனக்குத் தெரிந்தது. அக்கா அடுப்படிக்குத் திரும்பியதும் நானும் தட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

“என்னாக்கா இது? வாயில வெக்க முடியல.”

“தெரியும்” என்றாள். “ஒரு பிடி சேத்துதான் போட்டேன்.”

“எதுக்கு?”

அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “அவரு பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆளுடா. இந்த வயசுல, அதுவும் எனக்காக, எதுக்கு சொல்லிக்கினு கெடக்கணும்? தெனம் ஜாஸ்தின்னு சொல்லுவாரு. நெசமாவே ஜாஸ்தியா இருந்துட்டுப் போவட்டும்.”

டாக்டரைப் போய்ப் பார்த்தோம். மாமாவுக்குப் பிரஷர் கிடையாது, உப்பினால் இப்போதைக்குக் கெடுதல் இல்லை என்றார். பிரஷர் எனக்குத்தான் இருக்கிறது, மாத்திரை கூடியிருக்கிறது. ஆனாலும் ஞாயிறு தவறாமல் போய்ச் சாப்பிடுகிறேன். மாமாவுக்கு ருசி இன்னும் வரவில்லை. வரும் என்கிறார் டாக்டர், பழைய மூன்று விதமாகவே. தினமும் மத்தியானம் மாமா முதல் வாயை மென்று விழுங்கிவிட்டு, “உப்பு ஜாஸ்தி” என்கிறார். “நாளைக்கு கொறச்சிடறேங்க” என்கிறாள் அக்கா. இரண்டு பேரில் உண்மை பேசுகிறவர் அவர்.